கோட்டை என்று பெயர் பெற்ற கிடங்கு

(அணுபுரத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விதை, உரம், ஏரிப் பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில், பாழடைந்த கோட்டை ஒன்றைப் பற்றி இவர் என்ன பேசப்போகிறார் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. ஆயினும் நான் சொல்ல வந்த கோட்டை, அரசர் வாழ்ந்த கோட்டையன்று. அது ஒரு சரக்குக் கிடங்கு. நெசவாளி நெய்த துணியை வாங்கி அடுக்கிவைத்துக் கப்பலேற்றிய இடம். விளைந்த நெல்லையும் வேர்க்கடலையையும் எங்கே வைப்பது, யாருக்கு விற்பது, விலையை யார் சொல்வது என்று நாள்தோறும் கவலைப்படும் நமக்கு, அந்தக் கிடங்கின் கதை அயலார் கதையன்று.

நாம் கூடியிருக்கும் இந்த அணுபுரம், அணுசக்தித் துறையின் ஊழியர்களுக்காக அமைந்த புதிய குடியிருப்பு. இங்கிருந்து கிழக்கே சில கல் தொலைவு சென்றால் கல்பாக்கம். அதையொட்டிக் கடலோரமாகச் சதுரங்கப்பட்டினம். ஆங்கிலத்தில் சத்ராஸ் என்று வழங்கப்படும் ஊர் அதுவே. சம்புவராய மன்னர் காலத்தில் ராஜநாராயணன் பட்டினம் என்ற பெயரும் அதற்கு உண்டு. அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கடலோரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வெகு அருகில், முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட செங்கற் சுவர்கள் நிற்கின்றன. நிலையத்தைக் காண வெளியூர் மாணவர்கள் ஆர்வத்தோடு வருகிறார்கள். மாமல்லபுரம் வரும் பயணிகளோ, அங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில் இப்படியொரு இடம் இருப்பதை அறியாமலேயே திரும்பிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரராகிய நம்மிலும் எத்தனை பேர் அதன் வாயிலுக்குள் நுழைந்து பார்த்திருக்கிறோம்?

நுழைந்தவர் காண்பது இதுதான். வாயிலில் பீரங்கிகள். சுற்றிலும் தடித்த செங்கல் மதில். உள்ளே ஒரு புறத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைகள். அவற்றின் மேலுள்ள கற்பலகைகளில் அவர்கள் மொழியிலே எழுத்துகளும் சித்திர வேலைப்பாடுகளும் செதுக்கப்பட்டுள்ளன. மேற்கூரை வளைந்து நீண்ட கிடங்குகள் உள்ளன. மதில்மேலிருந்து பார்த்தால் கடல் தெரியும். வருபவர்கள் பீரங்கியின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கல்லறைப் பலகைகளைத் தடவிப் பார்க்கிறார்கள். கிடங்கைக் கண்டதும், 'இது வெறும் கூடம்' என்று திரும்பிவிடுகிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. அங்கே முதலில் பார்க்கவேண்டியது கிடங்குதான். மதிலும் பீரங்கியும் அந்தக் கிடங்கைக் காப்பதற்காக வந்தவை.

ஒல்லாந்து தேசத்து வணிகர்கள் 1602-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் நாடியது கிராம்பும் சாதிக்காயும் சாதிபத்திரியும். அவை விளைந்தது இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த மொலுக்கா தீவுகளில். அத்தீவுகளின் மக்களோ, 'எங்களுக்கு உங்கள் வெள்ளிக்காசைவிடச் சோழமண்டலக் கரையின் துணியே வேண்டும்' என்ற நிலையில் இருந்தார்கள். நம் கரையில் நெய்து, நம் கரையின் சாயவேரால் சிவப்பேற்றிய துணி, சாயம் போகாதது என்று பல தேசங்களிலும் பெயர் பெற்றிருந்தது. எனவே, வாசனைச் சரக்கு வாங்க வேண்டுமானால் முதலில் தமிழ்நாட்டுத் துணி வாங்கியாகவேண்டும். இதற்காகவே டச்சுக்காரர் 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். பின்னர் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். இடையிலே சதுரங்கப்பட்டினத்திலும் தங்கள் பண்டகசாலையை அமைத்தார்கள். மஸ்லின் என்ற மெல்லிய துணிக்கு இவ்வூர் பேர்போனது.

அந்நாளில் இந்த வியாபாரம் நடந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். விவசாயிகளாகிய உங்களுக்கு அது உடனே விளங்கும்.

கம்பெனி நேராக நெசவாளியிடம் போவதில்லை. உள்ளூர்ப் பெருவணிகர்களிடம் ஒப்பந்தம் செய்துகொள்ளும். இன்ன துணி, இத்தனை கட்டு, இன்ன விலை என்று. பணத்தின் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுக்கும். வணிகர் அதைத் தம் ஆட்கள் மூலமாக நெசவூர்களில் முன்பணமாகப் பிரித்துக் கொடுப்பார். நெசவாளி அதைக்கொண்டு நூல் வாங்குவான். தறியில் துணி முடியும்வரை குடும்பத்தின் சாப்பாட்டையும் அதிலேயே பார்த்துக்கொள்வான். உள்நாட்டுக் கரிசல் நிலங்களிலிருந்து பஞ்சு, பொதிமாடுகளின் முதுகில் ஏறி நெடுவழி நடந்து கரைக்கு வரும். மழை பொய்த்தால் பஞ்சின் விலையும் ஏறும், அரிசியின் விலையும் ஏறும்; ஒப்பந்தத்தில் எழுதிய துணி விலை மட்டும் ஏறாது.

துணி கிடங்கிற்கு வந்ததும் மாதிரித் துணியோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நீளம் குறைவா, அகலம் குறைவா, இழை நெருக்கமா, கலக்கமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தரம் பிரிப்பார்கள். முதல் தரத்திற்கு ஒரு விலை. இரண்டாம் தரத்திற்குக் குறைந்த விலை. தேறாததைத் திருப்பி எறிந்துவிடுவார்கள். தேறிய துணி, வெளுக்க வேண்டியதானால் வண்ணாரிடமும், சாயமேற்ற வேண்டியதானால் சாயக்காரரிடமும் சென்று மீளும். பின்பு கட்டுகளாக இறுக்கிக் கட்டிக் கிடங்கில் அடுக்குவார்கள். கப்பல் வரும்வரை துணி ஈரம் படாமலும் கறையான் அரிக்காமலும் எலி கடிக்காமலும் இருக்கவேண்டும். தடித்த சுவரும் வளைகூரையும் அக்கிடங்குகளுக்கு ஏன் தேவைப்பட்டன என்பது இப்போது உங்களுக்குப் புரியும். கடற்காற்றின் உப்பும் ஐப்பசி கார்த்திகை மழையும் அடிக்கும் கரையில், மாதக்கணக்கில் மெல்லிய துணியைக் காப்பது எளிய காரியமன்று.

இந்தக் கரையில் கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலை மோதும் கரையிலிருந்து துணிக்கட்டுகளைக் கொண்டு சேர்த்தது மசூலாப் படகு. ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை தூக்கி எறிந்தாலும் நெகிழ்ந்து கொடுக்குமேயன்றி உடையாது. மேலைநாட்டார் தங்கள் சொந்தப் படகுகளில் இந்த அலையைக் கடக்க அஞ்சி, நம் மீனவரின் கையையே நம்பியிருந்தார்கள். ஆக, ஒரு துணிக்கட்டு மொலுக்காவை அடையுமுன், உழவர், நூற்ற பெண்கள், நெசவாளர், வண்ணார், சாயக்காரர், மாட்டுக்காரர், படகோட்டி என எத்தனை கைகளைக் கடந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். இவர்களில் ஒருவருக்கும் அந்தக் கோட்டைக்குள் பெயர் பொறித்த கல் கிடையாது. கல் இருப்பது கணக்கு எழுதியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இறந்தவர்களுக்கு அவர்கள் உறவினர் கல் நாட்டினார்கள். ஆனால் அங்கு செல்லும் நம் பிள்ளைகளுக்கு மற்றவர் கதையைச் சொல்ல நாம்தான் இருக்கிறோம்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். முன்பணம் வாங்கிய நெசவாளி கம்பெனிக்கு முற்றிலும் அடிமையாக இருந்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். சரித்திர ஆசிரியர்கள் ஆராய்ந்து சொல்வது வேறு. சதுரங்கப்பட்டினம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வடக்கே சென்னையில் ஆங்கிலேயர். தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். ஏறக்குறைய நடுவிலே டச்சுக்காரர். இவர்களைத் தவிர நம் நாட்டு வணிகரும் ஆர்மீனிய வணிகரும் உண்டு. வாங்குவோர் இத்தனை பேர் போட்டியிட்டபோது, நெசவாளி ஒருவரிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூடுதல் விலை தருபவரிடம் போகமுடிந்தது. ஊரையே காலிசெய்துகொண்டு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்ததும் உண்டு. கடன் அவனுக்கு இருந்தது. அதனோடு கொஞ்சம் பேரம் பேசும் வலிமையும் இருந்தது.

அந்த வலிமை போன விதம் துயரமானது. 1754 ஜனவரியில், சண்டையிட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேசுவதற்கு, நடுநிலையான இடம் என்று இதே சதுரங்கப்பட்டினத்தைத் தேர்ந்துகொண்டு கூடினார்கள். பேச்சு முறிந்தது. 1781-ல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்குமே போர் மூண்டபோது ஆங்கிலேயர் இவ்வூரைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17-ஆம் நாள் இக்கரைக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். கோட்டை கை மாறி மாறி, இறுதியில் 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி டச்சுக்காரர் இந்தியாவிலிருந்த தங்கள் இடங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து வெளியேறினார்கள். டச்சுக் கம்பெனியோ அதற்கு முன்பே, 1799 முடிவோடு கலைந்துபோயிற்று.

நெசவாளிக்கு இதனால் நேர்ந்தது என்ன? வாங்குவோர் பலர் இருந்த இடத்தில் ஒருவரே மிஞ்சினார். அந்த ஒருவர் கையில் அரசு அதிகாரமும் சேர்ந்துகொண்டது. சில பத்தாண்டுகளில் லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கிடங்கு காலியாயிற்று.

விவசாயப் பெருமக்களே, உங்கள் ஊரில் வேர்க்கடலை வாங்க நான்கு வியாபாரிகள் வருவதற்கும் ஒருவரே வருவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் சொல்லித்தரவேண்டியதில்லை. சதுரங்கப்பட்டினத்துக் கிடங்கின் திறவுகோல் வாங்குபவன் கையில் இருந்தது. எடை பார்ப்பதும் தரம் பிரிப்பதும் விலை குறைப்பதும் அவன் கூரையின் கீழே நடந்தன. 1933-ஆம் ஆண்டுச் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தின் வழியே தோன்றிய ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களும், 1935-ல் ஏற்பட்டு இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும், அந்தத் திறவுகோலை விற்பவன் பக்கம் கொண்டுவருவதற்குச் செய்த முயற்சிகளே. விலை குறைந்த நாளில் சரக்கை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெற்று, விலை ஏறும்வரை காத்திருக்க விவசாயிக்கு வழியுண்டு. அந்த முயற்சிகள் எல்லா ஊரிலும் முழுப் பயன் தந்தனவா என்பது வேறு கேள்வி. அதில் எனக்கும் சில மனக்குறைகள் உண்டு. ஆயினும், அவை எதற்காக ஏற்பட்டன என்பதை அறிய விரும்பும் இளைஞனைச் சதுரங்கப்பட்டினத்திற்கு அழைத்துச் செல்லுங்கள் என்றே சொல்வேன்.

இனி, பஞ்சாயத்தாருக்குரிய விஷயத்திற்கு வருகிறேன்.

இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆகவே 1958-ஆம் ஆண்டுப் பழம்பெருஞ் சின்னங்கள் சட்டமும், அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் இதற்குப் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டடம் எழுப்பக்கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றே கட்டவேண்டும். இத்தகைய சின்னங்களை அடுத்து வாழ்வோருக்கு இது எவ்வளவு இடையூறு என்பதை நான் அறிவேன். மகனுக்குத் திருமணம், ஓர் அறை கூட்ட வேண்டும், 'கட்டாதே' என்கிறது சட்டம். அவருடைய கோபத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. ஊருக்குப் பெருமை, அவருக்கு மட்டும் தொல்லை என்றால், அவர் அந்தச் சுவரை எப்படி விரும்புவார்?

ஆனால் சட்டம் சொல்லாத தடைகளையும் நாமே கற்பித்துக்கொள்கிறோம். தடைசெய்யப்பட்ட பகுதியிலும், ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். கழிவுநீர்க் கால்வாய் அமைப்பது, அதைத் துப்புரவு செய்வது, பொதுக் கழிப்பிடம், பொதுமக்களுக்கான குடிநீர், மின்சார வசதி ஆகியவற்றைச் சட்டத்தின் சொற்பொருள் விளக்கம் 'கட்டுமானம்' என்ற சொல்லிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. 'கோட்டை இருப்பதால் சாக்கடை போட முடியாது' என்று எந்த ஊரிலாவது சொன்னால், சட்ட வாசகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பாருங்கள். தொல்லியல் துறை அலுவலருக்கு முன்னதாக எழுதித் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்கினால், பாதியில் நின்றுபோகும் இடர் இராது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது பஞ்சாயத்து அலுவலகம் செய்யக்கூடிய சிறு உதவி. நூறு சொற்பொழிவுகளைவிட அது அந்தச் சுவரைக் காக்கும்.

சதுரங்கப்பட்டினத்தைக் காக்க ஒரு துறை இருக்கிறது. உங்கள் ஊரில் இருப்பதைக் காக்க யார் இருக்கிறார்கள்?

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்ற கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு கிடங்குதான். 1842-ல் அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடரின் கம்பெனி, பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து சேமித்த வீடு அது. உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அந்த வியாபாரம் ஒழிந்தது. ஆனால் கட்டடம் ஒழியவில்லை. ஒருவர் வாங்கி வீடாக்கினார். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியால் இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் விடுதியாயிற்று. ஒருவர் பின் ஒருவராகப் பயன்படுத்தியதனாலேயே அது நிலைத்தது. வேலையற்ற கட்டடம் விரைவில் விழும். ஆகவே, பழைய சத்திரமோ உப்புக் கிடங்கோ உங்கள் ஊரில் இருந்தால், இடிக்க ஏலம் விடுமுன், அதை நூலகமாகவோ விதைக் கிடங்காகவோ மகளிர் குழு கூடும் இடமாகவோ ஆக்க முடியுமா என்று கிராம சபையிலே ஒருமுறை கேளுங்கள்.

பழுதுபார்க்கும்போது ஒரு தவறு பரவலாக நடக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இப்பக்கத்துப் பழைய கட்டடங்கள் கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. சுண்ணாம்புக் காரை, சுவரில் ஏறும் ஈரத்தை மூச்சுவிடுவதுபோல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு, செங்கல் மாவாக உதிரும். மேலே பார்க்கப் புதிதாக இருக்கும். உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, அரசும் ஆலும். பறவை இட்ட விதை சுவர் இடுக்கில் முளைத்து இரண்டு இலை விடும்போது விரலால் பிடுங்கிவிடலாம். ஐந்தாண்டு விட்டுவைத்தால் பிடுங்கும்போது சுவரும் சேர்ந்து வரும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், ஓர் ஆள் ஏணியோடு சென்றால் போதும். தொல்லியல் துறையின் சின்னங்களில் மட்டும் நாமாகக் கை வைக்காமல், அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும்.

என் சொந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஏரிக்கரையின் கீழே, சுண்ணாம்புக் காரை அரைக்கும் வட்டக் கல்தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஓடும் கல் சக்கரமும் இருந்தது. மாடு பூட்டிச் சுற்றுவார்கள். ஏரியின் மதகு, ஊர்ச் சாவடி, என் பாட்டனார் வீடு எல்லாம் அந்தத் தொட்டியில் அரைத்த காரையால் எழுந்தவை. சிறுவயதில் நாங்கள் அந்தச் சக்கரத்தின்மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். சாலை போடவந்தபோது அதைச் சம்மட்டியால் உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். ஊரில் ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை, விடுமுறைக்கு வந்திருந்தேன், பார்த்துக்கொண்டு நின்றேன். அரை வண்டி ஜல்லிகூடத் தேறியிராது. இன்று மதகில் காரை பெயர்ந்திருக்கிறது. எந்தக் கலவையில் பூசுவது, எப்படி அரைப்பது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. தொட்டி இருந்திருந்தால் அதைப் பார்த்து யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் கிழவர் ஒருவர் சொல்லியிருப்பார்.

அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை, பஞ்சாயத்துகளுக்கு உரிய பொருள்களாக நூலகம், பண்பாட்டு நிகழ்ச்சிகள், பொதுச் சொத்துகளின் பராமரிப்பு ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது. ஆகவே இது நமக்குப் புறம்பான வேலை என்று யாரும் சொல்லமுடியாது. முதற்படியாக, உங்கள் ஊரில் தொழிலுக்காகக் கட்டியவை எவை எவை நிற்கின்றன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். கமலைக் கிணறு, கல் செக்கு, சாயத்தொட்டி, செங்கற்சூளை, பக்கிங்ஹாம் கால்வாயின் பழைய படித்துறை, எதுவானாலும் சரி. இடம், உரிமை யாருடையது, எதற்குப் பயன்பட்டது, அதில் வேலை செய்த முதியவர் யாரேனும் இருக்கிறாரா என்ற நான்கு செய்திகள் போதும். பள்ளி ஆசிரியர் ஒருவரும் மாணவர் நால்வரும் சேர்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும் வேலை.

கூட்டம் தொடங்குமுன் ஓர் உறுப்பினர் என்னிடம் வந்து, 'எங்கள் ஊரில் கல் செக்கு ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடக்கிறது; அதைத் தோண்டி எடுத்து, பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் மேடை கட்டி, வர்ணம் பூசி நிறுத்தலாமா?' என்று கேட்டார். நல்ல எண்ணம். ஆனால் வர்ணம் வேண்டாம். மேடையும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் அதைச் சுற்றியுள்ள மண்ணைக் கையால் அகற்றிப் பாருங்கள். சில செக்குகளின் விளிம்பில், செய்தளித்தவர் பெயரைச் செதுக்கியிருப்பதுண்டு. எழுத்து இருந்தால் படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள். அவர் மறுமொழி வரும்வரை அது கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். சுற்றி நான்கு மூங்கில் நட்டு, மாடு கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.